படத்தில் இல்லாத மூன்று ஊசிகள்

"அந்த டாக்டர் சாகக் கூடாது சார். உயிரோட இருக்கணும். ஏன்டா இருக்கோம்னு தெனமும் அழணும். அதுக்கு வழி சொல்லுங்க."

சொன்னவள் அகல்யா. குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் நாற்பது பெண்களுக்கு லைன் லீடர். குரல் கொஞ்சமும் உயரவில்லை. கத்துகிற ஆளாக இருந்தால் நகுலன் தண்ணீர் கொடுத்துச் சமாதானம் சொல்லியிருப்பான். கத்தாமல் கறுவுகிறவர்களிடம் அவனுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு.

"அதுக்கு எதுக்குக்கா துப்பறியும் ஆபீஸ்?" என்றாள் அவனுடைய உதவியாளர் ஸுஹா. "கீழ எங்க வாப்பா கடையில ஒரு மாசம் வேலைக்குச் சேத்து விட்ருங்க. தானா அழுவாரு."

கீழே கடை என்றால் மீரா சாஹிப் மசாலாக் கடை. மலாக்கா லிட்டில் இந்தியாவில் நகுலனின் அலுவலகம் அதற்கு நேர் மேலே இருந்தது. பதினாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கேஸ்களைப் பிடித்துவிட்டு, சொந்தமாகக் கடை விரித்து ஐந்து வருஷம் ஆகிறது. மகளுடைய வாயைத் தாங்க முடியாமல் மீரா சாஹிப்தான் அவளை மாடிக்கு ஏற்றிவிட்டார் என்பது கீழ்த்தளத்துப் பேச்சு.

"மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றான் நகுலன்.

அகல்யாவின் அப்பா வீராசாமி, பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். போன வருஷம் அவர் ஈரலில் ஒரு கட்டி. கோலிக்குண்டு அளவுதான். ஆனால் பெரிய ரத்தக்குழாயை ஒட்டி உட்கார்ந்திருந்ததால் கத்தி வைக்க முடியாது என்று கைவிரித்தார்கள். கிளேபாங் கடலோரத்தில் இருக்கும் செரி லாவுட் மருத்துவமனையில் டாக்டர் மயூரன் வேறொரு வழி சொன்னார். கட்டியைச் சுற்றி நான்கு மெல்லிய கம்பிகளை இறக்கி, கண் இமைக்கும் நேரத்திலும் சிறு பங்கு நேரம் மின்சாரத்தை விட்டு விட்டுப் பாய்ச்சுவது. ரத்தக்குழாய் தப்பித்துவிடும், கட்டி இருந்த இடத்திலேயே செத்துவிடும்.

"உள்ள என்ன நடக்குதுன்னு வெளிய ஒண்ணும் தெரியாது சார். ஸ்கேன் படம்தான் கண்ணு. கரண்டு பட்ட எடம் படத்துல கறுத்துக்கிட்டே வரும். கட்டி பூரா கறுத்து, அதச் சுத்தியும் ஒரு விரல் அகலம் கறுத்தாதான் நிறுத்தணும். மறுநாள் இன்னொரு ஸ்கேன் எடுத்து சரி பாக்கணும். கடுகளவு மிச்சம் இருந்தாலும் மறுபடி மொளைச்சிரும்."

"நல்லாப் படிச்சிருக்கீங்க."

"நாலு மாசத்துக்கு முன்னாடியே படிச்சிருக்கணும்."

மறுநாள் படத்தைப் பார்த்து டாக்டர் மயூரன் ஒரே வரி எழுதியிருந்தார்: கட்டி முழுமையாக அழிந்தது, மிச்சம் இல்லை. நான்கு மாதத்தில் வீராசாமி பாதியாக இளைத்துப் போனார். அரசாங்க ஆஸ்பத்திரியில் போன வாரம் எடுத்த ஸ்கேனில் அதே இடத்தில் கட்டி இருந்தது. முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

"அவன்கிட்ட போய்க் கேட்டா, 'இது புதுசா வந்தது, நான் என்ன செய்ய'ன்னுட்டான். கோலாலம்பூர்ல ஒரு பெரிய டாக்டர் இன்னொரு தடவ செஞ்சு பாக்கலாம்ங்கறாரு. வர்ற வியாழக்கெழம நாள் குடுத்திருக்காரு. ஆனா மொத தடவ கரண்டு எதுவரைக்கும் போச்சுன்னு தெரிஞ்சாதான் கம்பிய எறக்க முடியுமாம். இந்த மறுநாள் படம் மத்த படத்தோட பொருந்தல, ஒரிஜினல் கொண்டாங்கன்னாரு. செரி லாவுட்ல கேட்டா இதான் ஒரிஜினல்னு சாதிக்கிறாங்க." அகல்யா கைப்பையை இறுக்கினாள். "தப்ப மறைக்கப் படத்த மாத்திட்டான் சார். நிரூபிச்சுக் குடுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

அன்று திங்கட்கிழமை. நடுவில் இரண்டே நாள்.

ஸுஹா மூன்று ஸ்கேன்களையும் கணினித் திரையில் பக்கம் பக்கமாகத் திறந்தாள். சிகிச்சைக்கு முன் எடுத்தது, மறுநாள் எடுத்தது, போன வாரம் அரசாங்க ஆஸ்பத்திரியில் எடுத்தது.

"எனக்கு மூணும் குறுக்கால வெட்டுன பலாப்பழமாத்தான் தெரியுது பாஸ்." சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் திரையைத் தேய்த்தாள். "சே, காலையில தின்ன நாசி லெமாக். சோறு ஒட்டியிருக்கு, போக மாட்டேங்குது."

நகுலன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "தொடைக்காத. எண்ணு."

முதுகெலும்புக்குப் பக்கத்தில், வெள்ளை வெளேரென்று, அரிசி நீளத்தில் மூன்று கோடுகள். முதல் ஸ்கேனில் மூன்று. கடைசி ஸ்கேனிலும் மூன்று. நடுவில் இருந்ததை மேலும் கீழும் உருட்டி உருட்டிப் பார்த்தார்கள். ஒன்றுகூட இல்லை.

"ஸ்கேன்ல இவ்வளவு பளிச்சுன்னு தெரிஞ்சா அது உலோகம்," என்றான் நகுலன். "அப்பாவுக்கு முதுகுல ஏதாவது ஆபரேஷன்?"

"அவரு உடம்புல ஒரு குண்டூசி கெடையாது சார். செரி லாவுட்ல நர்ஸ் கேட்டப்ப நான் பக்கத்துலயேதான் நின்னேன். 'தடா, தடா'ன்னு மலாய்ல ரெண்டு தரம் இல்லேன்னு சொன்னாரு."

"நீங்க பக்கத்துல நின்னீங்க."

"ஆமா."

"அப்ப நீங்க இல்லாம ஒரு தரம் கேட்டுப் பாக்கணும்," என்று நகுலன் எழுந்தான்.

*

பெம்பானில் செம்பனை மரங்கள் முடிகிற இடத்தில் வரிசை வீடுகள். ஸுஹாவின் மைவி கார் மூன்றாவது வீட்டுக்கு முன்னால் நின்றது. அகல்யாவைக் காரிலேயே இருக்கச் சொன்னதற்கு அவள் முறைத்த முறைப்பில் ஸுஹா ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு இறங்கினாள்.

வீராசாமி பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். சட்டைக்குள் ஆள் இருப்பதைத் தேட வேண்டியிருந்தது. நகுலன் சுற்றி வளைக்கவில்லை.

"ஐயா, முதுகுல மூணு ஊசி இருக்கே. யார் போட்டது?"

கிழவர் வாசலைத்தான் முதலில் பார்த்தார். "அவ இருக்காளா?"

"காருக்குள்ள இருக்காங்க. கண்ணாடி ஏத்திருக்கு," என்றாள் ஸுஹா.

"கதவச் சாத்துமா." சாத்தியதும் குரல் தணிந்தது. "சுசுக்கு. தங்க ஊசி. இருவது வருசத்துக்கு முன்னாடி. தோள்ல காண்டாக் கம்ப வெச்சு ரெண்டு பக்கமும் பால் வாளி தூக்கித் தூக்கி முதுகு விட்டுப்போச்சு. குனிஞ்சா நிமுர முடியல. பக்கத்து மலாய்க் கம்போங்ல மந்திரிக்கிற போமோ ஒருத்தரு இருந்தாரு, நல்ல மனுசன். அவருதான் மந்திரிச்சு உள்ள ஏத்துனாரு. மறுவாரமே மரம் வெட்டப் போனேன்."

"வீட்டுல சொல்லலியா?"

"என் வீட்டுக்காரி குஞ்சம்மா கோயில் கமிட்டியில இருந்தவ. வருசா வருசம் நான் காவடி எடுக்கிற ஆளு. மலாய்க்கார மந்திரம் உள்ள இருக்குன்னு தெரிஞ்சா சோறு போட்டிருப்பாளா? அவ போய்ட்டா. ஆனா அவளாச்சும் சோத்தோட நிறுத்துவா. மக இருக்காளே, பேச்சையே நிறுத்திருவா. நர்சு உடம்புல இரும்பு இருக்கான்னு கேக்குது, இவ பக்கத்துல நிக்கிறா. நான் என்னத்தச் சொல்றது?"

ஸுஹா சிரிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். கிழவரின் கண் கலங்கியிருந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். நான் மறைச்சதாலதான் கரண்டு சரியா ஏறலியா? நாலு மாசமா அதத்தான் நெனச்சிக்கிட்டு கெடக்கேன். என் வாயால நானே கெடுத்துக்கிட்டேனா?"

"இல்லய்யா." நகுலன் அவர் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தான். "ஊசி முதுகுல, கட்டி ஈரல்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மறுநாள் படம்னு உங்க மக கையில குடுத்தது வேற யாரோட படமோ. அதக் காட்டிக் குடுத்ததே உங்க மூணு ஊசிதான்."

வீராசாமி நாற்காலியின் கையை ஊன்றி நிமிர்ந்தார். அந்த உடம்பில் அவ்வளவு கோபம் மிச்சமிருக்கும் என்று ஸுஹா எதிர்பார்க்கவில்லை.

"நாலு மாசமா என்னையே திட்டிக்கிட்டு கெடந்தேன் தம்பி. தப்பு என்னோடது இல்லன்னா, செஞ்சவன விட்றாதீங்க."

கார் பெம்பான் கடைத்தெருவைத் தாண்டியதும் நகுலன் அகல்யாவிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்கிட்டகூட சொல்லல."

"உங்ககிட்ட மட்டும்தான்கா சொல்லல," என்றாள் ஸுஹா. "எங்ககிட்ட ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டாரு."

*

டாக்டர் மயூரனின் அறையில் குளிர் அதிகம், நேரம் குறைவு. அப்படித்தான் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்த விதம் சொன்னது.

"மிஸ் அகல்யா, எல்லாத்தையும் போன தடவையே விளக்கிட்டேன். இது ரெக்கரன்ஸ், மறுபடி புதுசா வந்தது. அவர் விதி. இவங்க யாரு, லாயரா?"

"லாயர்னா நாங்க கோட்டு போட்டு வந்திருப்போம் டாக்டர்," என்றாள் ஸுஹா. "நாங்க சும்மா எண்ணிப் பாக்க வந்தவங்க."

நகுலன் வீராசாமி கையெழுத்திட்ட கடிதத்தை மேஜைமேல் வைத்தான். நோயாளி தன் படங்களைப் பார்க்க உரிமை கேட்கும் கடிதம். அதன்மேல் மூன்று படங்களின் அச்சுப் பிரதியை வைத்தான். மூன்று ஊசிகளையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தான்.

"முதல்ல மூணு. கடைசியில மூணு. நீங்க 'மிச்சம் இல்லை'ன்னு எழுதின படத்துல மட்டும் காணோம். எங்க போச்சு டாக்டர்?"

மயூரன் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். கைக்கடிகாரம் மறந்துபோனது.

"நான்சென்ஸ். அச்சுல விட்டுப் போயிருக்கும். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல முழு செட் இருக்கு." அவரே தட்டினார். திரையில் வீராசாமி என்ற பெயர் வந்தது, அந்தத் தேதி வந்தது, பிறகு படங்கள் வரிசையாக வந்தன. வெட்டுப் படங்களுக்கெல்லாம் முதலாவதாக, கழுத்திலிருந்து இடுப்பு வரை நேராகத் தெரியும் ஒரு பெரிய படம் இருந்தது. எங்கிருந்து எதுவரை எடுப்பது என்று குறித்துக்கொள்வதற்காக எடுப்பது. செரி லாவுட் அகல்யாவிடம் கொடுத்திருந்த சிடியில் அது இல்லை.

ஸுஹா திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"பாஸ், இந்த ஐயா கழுத்துல தாலி தொங்குது."

தோள் பக்கமாக ஒதுக்கிவிட்ட ஒரு தடித்த கொடி. அதன் நுனியில் இரண்டு கொம்பு நீட்டிய பெரிய தாலி. பக்கத்தில் இரண்டு ஊக்கு. எல்லாம் வெள்ளை வெளேரென்று தெரிந்தன.

மயூரன் பெயரையும் தேதியையும் மறுபடி தட்டிப் பார்த்தார். "இது... இது என் பேஷண்ட் இல்ல."

"இதப் பாத்துத்தான் எழுதினீங்க," என்றான் நகுலன்.

"நான் கட்டியத்தான் பார்ப்பேன். முன்னால இருக்கற படத்தை யார் பார்க்கறா? ஒருநாளைக்கு எத்தனை கேஸ் தெரியுமா உங்களுக்கு?"

அகல்யா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். ஈரல் தெரிகிற படத்தில் விரலை வைத்தாள். கறுப்பு வட்டம் ஒன்று. அதன் மேல் ஓரத்தில், பிறை மாதிரி, ஒரு சின்ன வெளுப்பு.

"கட்டியத்தான பாப்பீங்க? இங்க கறுக்கலியே. இது யாரோ, எவரோ, இவங்களுக்கும் மிச்சம் இருந்திருக்கு. நான் ஃபேக்டரியில சர்க்யூட் போர்டு பாக்கறவ. எனக்கே தெரியுது. உங்களுக்குத் தெரியல?"

மயூரன் குனிந்து அந்தப் பிறையைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். அகல்யா அதை நின்று நிதானமாகப் பார்த்தாள், பசித்தவள் சாப்பாட்டைப் பார்ப்பதுபோல.

தாழ்வாரத்துக்கு வந்ததும் அகல்யா நகுலனைத் தடுத்து நிறுத்தினாள். "மாட்டினான் சார்."

"மாட்டினார். ஆனா படத்த மாத்தினது அவர் இல்ல," என்றான் நகுலன்.

"என்ன சார் சொல்றீங்க!"

"ஒண்ணு, மாத்தினவரா இருந்தா அந்தத் தாலிப் படத்த அவரே நம்ம முன்னாடி தெறந்திருப்பாரா? ரெண்டாவது, தப்ப மறைக்கிறவன் நல்ல படத்தத்தானே கொண்டுவந்து வெப்பான்? இது இன்னொரு கெட்ட படம். மாத்தினவங்களுக்கு இந்தப் படம் பிடிபடணும். இவர் மாட்டணும்."

ஸுஹா யோசித்தாள். "ஆனா பாஸ், ஸ்கேன் எடுக்கறப்ப நகையெல்லாம் கழட்டச் சொல்வாங்களே. எங்க உம்மாவக் காதுத் தோடுகூட விடல. இந்தம்மாவ மட்டும் எப்படித் தாலியோட படுக்க விட்டாங்க?"

"சரியான கேள்வி. படம் எடுத்தவங்க யாராயிருந்தாலும் கழட்டச் சொல்லியிருப்பாங்க. ஒரே ஒருத்தரத் தவிர." நகுலன் குரல் தணிந்தது. "சொந்த மக. அப்பா உயிரோட இருக்கறப்ப அம்மா கழுத்துத் தாலியக் கழட்டுன்னு எந்த மக சொல்லுவா?"

அகல்யாவும் ஸுஹாவும் அவனையே பார்த்தார்கள்.

"அது கொம்புத் தாலி. எங்க அம்மாகிட்டயும் ஒண்ணு இருந்துச்சு. யாழ்ப்பாணத்து ஆளுங்க கட்டறது. மலாக்காவுல எங்க ஆளுங்கள மொத்தமாக் கூட்டினாலும் ஒரு கல்யாண மண்டபம் நெறையாது. அதுல மயூரன்கிட்ட ஈரலுக்கு வைத்தியம் பாத்து, மூணு வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போனவங்க ஒருத்தங்கதான். சிற்றம்பலம் மாஸ்டரோட மனைவி யோகம். சாவு வீட்டுக்கு நானும் போயிருந்தேன்." அவன் ஸ்கேன் அறைக் கதவைப் பார்த்தான். "அவங்க மக வதனா இங்கதான் வேல பாக்குது. படம் எடுக்கற வேல."

*

மறுநாள் மாலை நான்கு மணிக்கு, வேலை முடிந்து சீருடையோடே வதனா வந்தாள். கிளேபாங் சாலையோரத்துத் தேங்காய் ஷேக் கடை. கடற்காற்றில் மேஜை விரிப்பு படபடத்தது. ஸுஹா நான்கு ஷேக்குகளை வாங்கி வைத்திருந்தாள். யாரும் தொடவில்லை.

"வதனா, இவங்க அகல்யா. வீராசாமியோட மக."

"தெரியும் நகுலன் அண்ணா," என்றாள் வதனா. முப்பத்தெட்டு வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். பயப்படுகிற முகமாகவே இல்லை. "நாலு மாசமா இவங்க வர்றதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

மறைக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. மூன்று வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய மாதிரி வார்த்தைகள் வரிசையாக வந்தன.

"அம்மாவுக்குக் கரண்டு வெச்ச மறுநாள் நான்தான் படம் எடுத்தேன். தாலியக் கழட்ட மாட்டேன்னாங்க, நானும் வற்புறுத்தல. தோள் பக்கமா ஒதுக்கிவிட்டேன். ஓரத்துல மிச்சம் இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன். மயூரன்கிட்ட சொன்னேன். 'படம் எடுக்கறது உன் வேல, பார்க்கறது என் வேல'ன்னு சொல்லிட்டு, மிச்சம் இல்லைன்னு எழுதினான். ஆறு மாசத்துல அம்மா போய்ட்டாங்க. மேனேஜ்மென்டுக்கு எழுதிக் குடுத்தேன். டாக்டர் தப்புப் பண்ணினார்னு சொல்ல நீ யாருன்னு கேட்டாங்க. நானும் யோசிச்சேன், நான் யாரு? படத்த வைக்கிறவ. அப்ப படத்த வெச்சே காட்டறேன்னு முடிவு பண்ணினேன்."

"எங்க அப்பா பேருல," என்றாள் அகல்யா.

"ஓம். அம்மாவோட படத்த அப்படியே. அதே படம், அதே மிச்சம். அந்தப் பெரிய படத்த நீக்க எனக்கு ஒரு வினாடி போதும். வேணும்னே விட்டேன். தாலிய ஒரு தரம் பார்த்தா போதும், நிறுத்தியிருப்பான். ஓரத்த ஒரு தரம் பார்த்தா போதும், உங்க அப்பாவத் திரும்பக் கூப்பிட்டிருப்பான்." வதனா மேஜையில் விரலால் தட்டினாள். "பார்க்கல. மூணு வருஷம் கழிச்சு, எங்க அம்மா படத்துக்குக் கீழ, அதே வரிய எழுத்து மாறாம எழுதினான். ரெண்டு ரிப்போர்ட்டும் என்கிட்ட இருக்கு. இனி எந்த மேனேஜ்மென்டும் அவனக் காப்பாத்த முடியாது."

நகுலனுக்கு அவள்மேல் பரிதாபமாக இருந்தது. ஆத்திரமாகவும் இருந்தது. எது முந்தியது என்று அவனால் சொல்ல முடியவில்லை. சாவு வீட்டில் தாயின் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த அதே பெண்தான் இது.

வதனா சீருடைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து வைத்தாள். "உங்க அப்பாவோட உண்மையான மறுநாள் படம். கோலாலம்பூர் டாக்டர் கேக்கறது இதுதான். எடுத்துக்கங்க. நான் வந்து சாட்சியும் சொல்றேன். ஒரே ஒரு விஷயம். புகார்ல அவன் பேர் மட்டும் இருக்கட்டும். என்ன விட்டுருங்க. எங்க அப்பாவுக்கு என்ன விட்டா ஆள் இல்ல."

அகல்யா பென் டிரைவை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஸுஹாவிடம் நீட்டினாள். ஸுஹா மடிக்கணினியில் செருகித் திறந்தாள். மூன்று வெள்ளைக் கோடுகள் அதனதன் இடத்தில் இருந்தன.

"மூணும் ஆஜர்," என்றாள் ஸுஹா மெதுவாக.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் அகல்யா. குரல் திங்கட்கிழமை இருந்த மாதிரியே தணிந்து இருந்தது. "இதுல எங்க அப்பாவுக்கு மிச்சம் இருந்துச்சா?"

"ஓம். கீழ் ஓரத்துல. சின்னதா."

"நீ எப்பப் பாத்த?"

வதனா திரையிலிருந்த மூன்று கோடுகளைப் பார்த்தாள். "அன்னைக்கே."

"அன்னைக்கே. அவன்கிட்ட சொல்லியிருக்க மாட்ட, சரி. எனக்கு ஒரு போன்? என் நம்பர் ஃபைல்ல இருக்கு. பேரு சொல்லாம ஒரு மெசேஜ்?"

"சொல்லியிருந்தா நீங்க வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீங்க. அவன் தப்பிச்சிருப்பான். எங்க அம்மா படத்தையே அவன் கவனிக்கல, உங்க அப்பா படத்த வெச்சிருந்தாலும் இதே வரியத்தான் எழுதியிருப்பான். என்னால உங்களுக்குப் புதுசா நஷ்டம் ஒண்ணும் இல்ல."

"நாலு மாசம். அவரு தன்னாலதான் இப்படி ஆச்சுன்னு நெனச்சு உள்ளுக்குள்ளயே அழுதுகிட்டு கெடந்தாரு. எல்லாம் தெரிஞ்ச ஒருத்தி கிளேபாங்ல இருந்து வேடிக்கை பாத்திருக்க."

அகல்யா நகுலனிடம் கை நீட்டினாள். "புகார் ஃபாரம் கொண்டு வந்திருக்கீங்கள்ல சார்? குடுங்க."

"அகல்யா, ஒண்ணு சொல்றேன்," என்றான் நகுலன். "இவ சாட்சி சொல்லலன்னா, படம் மாறினது ஆஸ்பத்திரித் தவறு, தன் தவறு இல்லைன்னு மயூரன் நழுவிருவார். இவ பேர சேத்தா இவ வர மாட்டா. யோசிச்சு எழுதுங்க."

"யோசிச்சுட்டேன்."

யார்மீது புகார் என்ற இடத்தில் இரண்டு வரி காலியாக இருந்தது. முதல் வரியில் அகல்யா 'வதனா சிற்றம்பலம்' என்று எழுதினாள். இரண்டாவது வரியில் டாக்டர் மயூரன் என்று எழுதினாள். காற்றில் பறக்காமல் தாளின் ஓரத்தை ஸுஹா அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

வதனா தாளைத் தன் பக்கம் திருப்பி வாசித்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நகுலன் நினைத்தான். அவள் போகவில்லை. முகம் கோணியது. இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த வீட்டுப் பேச்சு வெளியே வந்துவிட்டது.

"என்ர பேரை எடுக்கச் சொல்லேல்ல. இருக்கட்டும். அவன்ர பேரை மேல போடுங்கோ. அது போதும் எனக்கு."

"முடியாது," என்றாள் அகல்யா. "அவன் பாக்கல. நீ பாத்த."

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். வதனா அகல்யாவின் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். தாளின் அடியில், சாட்சி என்ற இடத்தில், நிறுத்தி நிதானமாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஸுஹா தாளை மடிக்கும்போது பார்த்தாள். ஒரே பெயர் மேலேயும் இருந்தது, கீழேயும் இருந்தது. நடுவில் மயூரன்.